எழுதியவன் நின்ற இடம்

ஒரு நூலை மறுப்பதற்கு நமது மாணவர்களுக்கு இப்பொழுது ஒரு சொல் போதுமானதாகிவிட்டது. 'பக்கச்சார்பு' என்பதே அச்சொல். மகாவமிசத்தைப் பற்றிக் கேட்டால் தமிழ் மாணவன் அச்சொல்லைக் கூறிவிட்டு நூலை மூடி வைக்கிறான். கோணேசர் கல்வெட்டைப் பற்றிக் கேட்டால் சிங்கள மாணவன் - அந்நூலின் பெயரையாவது அவன் கேள்விப்பட்டிருப்பானாயின் - அதே சொல்லையே கூறுவான். இருவரும் தாம் விமர்சனம் பயின்றுவிட்டதாக எண்ணுகின்றனர். உண்மையில் இருவரும் பயின்றிருப்பது ஒரு வசைமொழி.

நோக்கில்லாத நூல் என ஒன்று இல்லை. அரசனிடம் மானியம் பெற்றவன், விகாரையில் உண்டவன், கம்பனியிற் சம்பளம் வாங்கியவன், திணைக்களத்தின் கட்டளைப்படி எழுதியவன் என ஒவ்வொருவனும் ஓரிடத்தில் நின்றுகொண்டுதான் எழுதினான். அவன் நின்ற இடத்தை அறிவது அவனைத் தள்ளிவைப்பதற்காக அல்ல. அவன் சொன்னவற்றுள் எதனை எவ்வளவு தூரம் நம்பலாம், எதனை அவன் சொல்லாது விட்டான், ஏன் விட்டான் என்பவற்றைக் காண்பதற்காகவே. இப்பயிற்சியைப் பிறர் நூலிலிருந்து தொடங்குவது எளிது; பயனோ குறைவு. நம்முடையது என்று நாம் போற்றும் நூலிலும் அதே கேள்விகளைக் கேட்கத் துணியாத ஆசிரியர், மாணவனுக்குக் கற்பிப்பது வரலாறாகாது, வழக்காடும் வித்தையாகும். இதனைச் சோதித்துப் பார்ப்பதற்குத் திருகோணமலை மாவட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் இந்நாட்டில் அரிது.

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் குச்சவெளி இருக்கிறது. கடலையும் வயலையும் நம்பித் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கின்ற பகுதி. அங்கே கடலை அடுத்த பாறையொன்றில் வடமொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படித்து வெளியிட்டவர் செனரத் பரணவிதான. எழுத்தமைதியைக் கொண்டு அது கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது எனக் கொள்ளப்படுகிறது. அருகிலே தூபிகளின் சிறு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சாசனம் கூறும் செய்தி சிறியது. இச்செயலால் விளைந்த புண்ணியத்தின் பயனாகத் தான் உலகத்தின் துன்பத்தைத் தீர்க்கவல்ல புத்தநிலையை எய்தவேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொள்கிறான். அவ்வளவே. தனக்கு மட்டும் வீடுபேறு வேண்டாது உலகத்துக்காகப் புத்தனாக விரும்பும் அவ்வேண்டுதலில் மகாயான பௌத்தத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

தன் தாய்மொழி இன்னதென்றோ தான் இன்ன இனத்தவன் என்றோ அவன் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை. ஆனால் இன்று அப்பாறையின் முன் நிற்கும் வாசகனுக்கோ வேறெதுவும் கேட்கத் தோன்றுவதில்லை. பௌத்தம் எனின் சிங்களம், சிங்களம் எனின் இந்நிலம் எமது என்று ஒருவன் மூன்றே அடியிற் பாய்ந்துவிடுகிறான். மற்றவனோ, பௌத்தம் எனின் சிங்களம், ஆகவே இதனைப் பற்றிப் பேசாதிருப்பதே நமக்கு நன்று என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முதலடியில் இருவரும் ஒன்றுபட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். இங்கே பக்கச்சார்பு பாறையில் இல்லை, வாசிப்பவனிடம் இருக்கிறது.

அந்த முதலடியை உடைக்கும் சான்றும் இம்மாவட்டத்திலேயே உண்டு. குச்சவெளிக்கு வடக்கே திரியாயில் உள்ள வடமொழிச் சாசனம் வணிகர் கூட்டத்தையும் கிரிகண்டி சைத்தியத்தையும் பற்றிப் பேசுகிறது. அதன் எழுத்தோ பல்லவ கிரந்தத்துக்கு நெருங்கியது. கடல்வழி வந்து போன வணிகருடைய உலகம் அது. திருகோணமலைக்கு அணித்தாகவுள்ள பெரியகுளத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழராட்சியில், 11ஆம் நூற்றாண்டில், அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்பது பெயர். அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள், பள்ளிக்கு விளக்கெரிக்கவும் பசுக்களை வழங்கவும் முன்வந்தோரின் கொடைகளைத் தமிழிலே பதிவு செய்கின்றன. தமிழ் பேசிய பௌத்தர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதைச் சிங்களப் பேரினவாதி ஏற்கமாட்டான் என்பது தெரிந்ததே. சைவமும் தமிழும் ஒன்றென்று மேடையில் முழங்கும் நமது அன்பர்களும் அதனை விரும்பி ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் மாணவனுக்கு நாம் பாதிப் பாடமே நடத்தியவர்களாவோம். மணிமேகலையைத் தமிழின் பெருமை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பௌத்தத்தை அந்நியர் சமயமாகக் காட்டும் முரண்பாடு எத்தனை வகுப்பறைகளில் நிகழ்கிறது!

இவையெல்லாம் ஏட்டுச் சண்டைகள் என்று யாரேனும் கருதுவாராயின் அவர் கிழக்கு மாகாணத்தை அறியாதவர். ஓரிடம் தொல்பொருள் பிரதேசம் எனப் பிரகடனப்படுத்தப்படுமாயின், அங்கே உழுவதற்கும் வீடு கட்டுவதற்கும் குடியானவன் அனுமதி கேட்டு நிற்க நேரிடுகிறது. 2020 யூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கெனச் சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதற்குத் தலைவர். மூன்று இனத்தவரும் வாழும் மாகாணம் ஒன்றின் பழமையை ஆராயவென அமைக்கப்பட்ட அக்குழுவில், அது அமைக்கப்பட்டவேளையில், தமிழர் ஒருவரேனும் முஸ்லிம் ஒருவரேனும் இருக்கவில்லை. கல்லை வாசிப்பவன் யார் என்பது காணியை ஆள்பவன் யார் என்பதோடு பிணைந்துகிடக்கும் பிரதேசத்தில், வாசிக்கும் முறையைக் கற்பிப்பது வயிற்றுப் பிரச்சினையோடு தொடர்புடைய காரியமாகும்.

இனி மகாவமிசத்துக்கு வருவோம். மகாநாம தேரர் அனுராதபுரத்து மகாவிகாரைச் சார்பினர். தம் நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை. நல்லோர்க்குப் பக்திக் களிப்பும் மனவெழுச்சியும் உண்டாக்குதற்கே இதனைச் செய்தேன் என்று ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் முத்திரை குத்திச் செல்கிறார். இதனினும் நேர்மையான ஆசிரியன் எங்கே கிடைப்பான்? அவரைச் சரித்திர ஆசிரியராக்கி, பின்னர் சரித்திர ஆசிரியருக்குரிய நடுநிலை இல்லையே என்று குறைகூறியது பிற்காலத்தவர் செய்கை. ஆங்கிலேய அரசாங்க உத்தியோகத்தரான ஜோர்ஜ் டேனர் 1837இல் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டதன் பின்னர், பக்திநூல் ஒன்று படிப்படியாக ஒரு நாட்டின் உரிமைப் பத்திரமாக மாறிய கதை தனியே எழுதத்தக்கது.

மாணவருக்கு எடுத்துக்காட்டுவதற்கு எல்லாளன் - துட்டகைமுனு கதையையே எல்லோரும் நாடுவர். நான் 37ஆம் அதிகாரத்தைப் பரிந்துரைப்பேன். மகாசேன மன்னனின் வரலாறு அங்கே வருகிறது. அம்மன்னன் சோழநாட்டுப் பிக்குவாகிய சங்கமித்தருடைய சொற்கேட்டு மகாவிகாரையை இடிப்பிக்கிறான். ஏழுநிலை உலோகப் பிரசாதம் தகர்க்கப்படுகிறது. பிக்குகள் நீங்கிச் செல்ல, மகாவிகாரை ஒன்பது ஆண்டுகள் பாழாய்க் கிடக்கிறது. மகாநாமரின் நெஞ்சு பதைப்பதை வரிதோறும் காணலாம். தம் வீடு இடிந்தவன் எழுதும் எழுத்து அது. ஆனால் அதே அதிகாரத்தில், அதே மன்னன் செய்த நற்பணிகளின் வரிசையில், கோகர்ணத்திலும் வேறிரண்டு இடங்களிலும் தேவாலயங்களை அழித்து விகாரைகள் எடுப்பித்தான் என்ற செய்தி ஒரு சலனமுமின்றி வருகிறது. கோகர்ணம் என்பது திருகோணமலை. இடிக்கப்பட்டவை இலிங்கக் கோயில்கள் எனப் பின்வந்த உரைகாரர் விளக்கம் தருகிறார். இடித்தவன் ஒருவனே. இடித்தலும் ஒன்றே. ஒன்று பாவக் கணக்கில் ஏறுகிறது. மற்றது புண்ணியக் கணக்கில் ஏறுகிறது. ஆசிரியனின் நோக்கு நூலை எவ்வாறு உருவாக்குகிறது என்று மாணவன் கேட்பானாயின், இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்வதே போதும். ஆசிரியர் விரிவுரை ஆற்றவேண்டியதில்லை.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. சங்கமித்தரை மகாநாமர் வெறுப்பது அவர் சோழநாட்டினர் என்பதனால் அல்ல. மகாவிகாரை ஏற்காத வைதுல்யக் கொள்கையினர் என்பதனால். மகாயானச் சார்பான கொள்கைகளையே அக்காலத்து மகாவிகாரையார் இப்பெயரிட்டு இகழ்ந்தனர். அவ்வாறாயின் குச்சவெளிப் பாறையில் உலகத்துக்காகப் புத்தனாக விரும்பியவன், மகாநாமரின் கணக்கில் எந்தப் பக்கத்தில் நின்றிருப்பான்? மகாவமிசத்தைக் கையிலேந்திக்கொண்டு அப்பாறைக்கு உரிமை கோருவோர் இக்கேள்வியை ஒருநாளும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம்மவர் மட்டும் என்ன செய்கின்றனர்? மகாசேனன் கோகர்ணத்துக் கோயிலை இடித்தான் என்ற வரியை மட்டும் கத்தரித்து எடுத்து, கோணேசர் கோயிலின் பழமைக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். எஞ்சிய நூல் முழுவதும் கட்டுக்கதை என்கின்றனர். அவ்வரியை நம்பலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்புவதற்குக் காரணம் வேண்டும். மகாநாமர் அதனைக் குற்ற ஒப்புதலாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறார். ஒரு கோயிலின் இருப்பை வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாகக் கூறிச் செல்கிறார். கோயிலின் தொன்மையை நிலைநாட்டுவதில் அவருக்கு எவ்வித ஆதாயமும் இல்லை. ஆகவே நம்பலாம். இக்காரணத்தைச் சொல்லத் தெரிந்த மாணவனுக்கு அவ்வரி சான்று. தெரியாதவனுக்கு அது வெறும் கோஷம்.

இதே அளவுகோலைக் குவேறோஸ் சுவாமியாரிடம் வைத்துப் பார்த்தால் முடிவு மாறுபடுகிறது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். அக்கோயிலின் மாண்பைக் கூற நம்மவர் பெரிதும் எடுத்தாள்வது யேசுசபைத் துறவியாகிய குவேறோஸ் எழுதிய பெருநூலை. கீழைத்தேசத்துப் புறச்சமயிகளுக்கு இது உரோமாபுரி போன்றது என்ற கருத்தில் அவர் எழுதியிருப்பதைப் பெருமையோடு எடுத்துரைக்காத கோயில் மலர் இல்லை. குவேறோஸ் இலங்கைக்கு வந்தவரே அல்லர். கோவாவில் இருந்துகொண்டு, இடிப்பு நிகழ்ந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1680களில் எழுதினார். ஒல்லாந்தரிடம் இழந்த இலங்கையைப் போர்த்துக்கல் மீட்கவேண்டும் என்று அரசையும் திருச்சபையையும் தூண்டுவதே அவர் நோக்கம். வீழ்த்தப்பட்ட கோயில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது வீழ்த்தியவர்களின் வெற்றி. மகாநாமருக்கு இல்லாத ஆதாயம் குவேறோசுக்கு இருந்தது. அவர் கூறுவது பொய் என்று நான் சொல்லவில்லை. கோயில் இருந்ததும் இடிந்ததும் மறுக்கமுடியாதவை. அதன் அளவையும் புகழையும் பற்றிய அவர் சொற்களை, நமக்கு இனிக்கின்றன என்பதற்காக நிறுக்காமல் வாங்கிக்கொள்ளலாகாது என்பதே என் வாதம்.

கோணேசர் கல்வெட்டு நம்முடைய நூல். பெயர் கல்வெட்டாயினும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று. ஏட்டிலே கவிராச வரோதயர் இயற்றியதாக வழங்குவது. குளக்கோட்டு மன்னன் வந்து திருப்பணி செய்ததையும், குளம் அமைத்ததையும், வயல்நிலம் வகுத்ததையும், கோயிற் கருமங்களுக்கெனச் சோழநாட்டுப் புறத்திலிருந்து குடிகளைக் கொணர்ந்ததையும் கூறுகிறது. அவன் வந்த காலம் கலியுகம் 512 என்கிறது. அதாவது கிறிஸ்துவுக்கு முன் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் அப்பால். இக்கணக்கை நம்புகின்ற தமிழாசிரியர், விசயன் கரையிறங்கிய நாளிலேயே புத்தர் பரிநிருவாணம் எய்தினார் என்று மகாவமிசம் கூறும்போது சிரிப்பதற்கு உரிமை உடையவரல்லர்.

ஆனால் ஆண்டுக் கணக்கு அதன் முக்கியமான பகுதியன்று. அந்நூலின் நெஞ்சு வேறிடத்தில் இருக்கிறது. தானத்தார், வரிப்பத்தார், வன்னிபம் என்று வகுத்து, இன்னாருக்கு இன்ன தொழில், இன்னாருக்கு இன்ன வரிசை, இத்தொழிலில் தவறியோருக்கு இன்ன கேடு என்று விதிப்பதே அதன் பெரும்பகுதி. பூக் கொணர்வதும் நெற்குற்றுவதும் விளக்கேற்றுவதும் தலைமுறை தலைமுறையாக இன்னின்ன குடிகளின் கடமை. இதனை எழுதியவன் நின்ற இடம் எது? நெற்குற்றியவளின் முற்றத்தில் நின்று எழுதப்பட்ட நூல் அன்று இது. கோயிற் சொத்தையும் கோயில் ஊழியத்தையும் கட்டியாண்டவர்கள், அக்கட்டு தளர்கின்ற காலத்தில், அதனை ஒரு பழைய அரசனின் கட்டளையாகவும் தெய்வத்தின் ஆணையாகவும் ஆக்கி நிலைநிறுத்த முயன்ற முயற்சி என்றே நான் வாசிக்கிறேன். அவ்வாறு வாசிப்பதனால் அந்நூலின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. கிழக்கிலங்கையின் நிலவுடைமையையும் சாதி முறையையும் கோயிற் பொருளாதாரத்தையும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் தமிழ் நூல்கள் மிகச்சிலவே. மன்னன் புகழைத் தேடுவோருக்குக் கிடைப்பதைக் காட்டிலும், ஊழியம் செய்தோரைத் தேடுவோருக்கே அதில் மிகுதியாகக் கிடைக்கிறது. கைலாசபதி 1968இல் வெளியான தமது வீரயுகப் பாடல் ஆய்விலே சங்கப் பாடல்களைப் பாணர், புலவர், புரவலர் ஆகியோரிடையே நிலவிய உறவின் மீது வைத்து நோக்கினார். கொடை பெற்றவன் வாயிலிருந்து வந்தது புகழ் என்பதால் சங்கப் பாடல் சிறுத்துப்போகவில்லை.

கந்தளாய்க் குளத்தைப் பற்றிய கதை இங்கே நினைவுகூரத்தக்கது. சிங்கள மரபு அதனைத் தன் அரசர்களின் பெயரோடு சேர்க்கிறது. தமிழ் மரபு குளக்கோட்டனின் பெயரோடு சேர்க்கிறது. யார் கட்டியது என்ற சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. இரு மரபிலும் மண்வெட்டி பிடித்தவனைக் காணோம். நம் மரபு ஒருபடி மேலே போய், குளக்கோட்டன் பூதங்களை ஏவிக் குளத்தை வெட்டுவித்தான் என்கிறது. பல்லாயிரம் கைகள் சுமந்த மண்ணைப் பூதங்களின் தலையில் ஏற்றிவிட்டால், கூலி கேட்கவும் ஆளில்லை, செத்தவரைக் கணக்கெடுக்கவும் தேவையில்லை. படிக்கக் கற்ற தொழிலாளி ஒருவன் சரித்திர நூல்களை நோக்கிக் கேள்வி எழுப்புவதாகப் பிரெக்ட் 1930களில் ஒரு கவிதை எழுதினார். கந்தளாய்ப் பிள்ளைகளுக்கு அக்கவிதையைக் கற்பிக்க மொழிபெயர்ப்பு ஒன்றே தேவை. விளக்கவுரை அவர்களின் கண்முன்னே நீர்ப்பரப்பாக விரிந்து கிடக்கிறது.

ஜேர்மன் கவிஞன்வரை போகவேண்டாம் என்பாருக்கு நமது இலக்கணமே துணைசெய்யும். ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று இருவகைக் கருத்தாவை நாம் சிறுவயதிலேயே மனனம் செய்விக்கிறோம். அரசன் கட்டிய கோயில் என்னுமிடத்து அரசன் ஏவியவன். தச்சன் கட்டிய கோயில் என்னுமிடத்துத் தச்சன் இயற்றியவன். புள்ளி பெறுவதற்காகப் படித்து மறக்கும் இவ்வேறுபாடு எத்துணைக் கூர்மையான கருவி! வரலாற்றுப் பாடநூலின் ஒரு பக்கத்தை எடுத்து, அதிலுள்ள எழுவாய்களை எல்லாம் பட்டியலிட்டு, ஏவியோர் எத்தனை, இயற்றியோர் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். செயப்பாட்டு வினைகளைத் தேடச் சொல்லுங்கள். 'குளம் கட்டப்பட்டது', 'ஆலயம் அழிவுற்றது', 'மக்கள் இடம்பெயர்ந்தனர்' என்ற வாக்கியங்களில் மறைந்து நிற்பவன் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்துக்கு விடை கூறுவதற்குக் குச்சவெளிப் பிள்ளைக்கு நூலகம் வேண்டியதில்லை. வீட்டிலே பாட்டி இருக்கிறாள்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். எல்லாரும் ஓரிடத்தில் நின்றே எழுதினராயின் உண்மை என்பதே இல்லையா, உனக்கு உன் உண்மை, எனக்கு என் உண்மை என்று முடித்துவிடலாமே என்பர். பல்கலைக்கழகங்களில் இவ்வாதம் சில காலமாகச் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. ஒடுக்குபவனுக்கு இதைவிட வசதியான தத்துவம் வேறில்லை. கோயில் இடிந்தது என்பது ஒரு நோக்கு அல்ல. நிலம் பறிபோனது என்பதும் ஒரு நோக்கு அல்ல. அவை நிகழ்ந்தவை. நிகழ்ந்ததை யார் எவ்வாறு சொன்னார் என்பதிலேதான் நோக்கு நுழைகிறது. பல நோக்குகளை ஒன்றோடொன்று மோதவிடும்போது நிகழ்ந்தது மறைவதில்லை, மேலும் துலங்குகிறது.

அவ்வாறாயின் நேரிற் கண்டவனையேனும் அப்படியே நம்பலாமே என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். அவனுக்காகக் குடாவின் மறுகரையைக் காட்டவேண்டும். கொட்டியாரத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் இருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். உழவனின் உணவையும் ஊரின் வழக்கத்தையும் அவரைப்போல் எழுதிய ஐரோப்பியர் அக்காலத்தில் இல்லை. அரசன் இராசசிங்கனைப் பற்றி எழுதும்போதோ சிறைப்பட்டவனின் கசப்பும், புரட்டஸ்தாந்தக் கிறிஸ்தவனின் அருவருப்பும், கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பயன்படும் செய்தி எது என்ற கணக்கும் கலந்துவிடுகின்றன. இந்தக் கைதி அங்கே எவ்வாறு பிழைத்தார்? தொப்பி பின்னி விற்றார். பின்னர் நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். அறுவடையில் நூற்றுக்கு ஐம்பது மேலதிகமாக வாங்குவது அங்கே வழக்கம் என்பதை அவரே எழுதுகிறார். கடன் கொடுத்தவனின் கண்ணால் காணப்பட்ட உழவனையே நாம் நொக்ஸின் நூலில் காண்கிறோம் என்பதைச் சொல்லாமல், சிறைப்பட்ட அப்பாவி ஒருவரின் நேரடிச் சாட்சியம் என்று மட்டும் கற்பிப்பது போதாது. இதனால் நொக்ஸ் பயனற்றவராகிவிடவில்லை. வட்டிக் கணக்கை இத்தனை நுணுக்கமாக வேறு யார் நமக்குச் சொல்லியிருப்பார்?

ஆசிரியர்களின் அச்சம் எனக்குத் தெரியாததன்று. பாடத்திட்டம் நீண்டது, காலம் குறுகியது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு வேண்டியது மாதிரி விடை. கேள்வி கேட்கப் பழகிய மாணவன் பரீட்சையில் தோற்பானோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அதிலும் வேறோர் அச்சம் ஆழமானது. கோணேசர் கல்வெட்டைப் பற்றி நான் மேலே எழுதியவாறு ஒரு தமிழ்ப் பாடசாலையில் சொன்னால் கோயிலார் வந்து நிற்பர். மகாவமிசத்தைப் பற்றி ஒரு சிங்களப் பாடசாலையில் சொன்னால் விகாரையார் வந்து நிற்பர். இரு ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சிறையில் இருக்கின்றனர். ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வுக்காகப் போராடி வந்திருக்கின்றன, போராடவும் வேண்டும். வகுப்பில் ஒரு நூலை மனமறிந்து வாசிக்கும் உரிமையும் தொழில் உரிமைதான் என்பதை அவற்றின் கோரிக்கைப் பட்டியலில் நான் தேடிப் பார்ப்பதுண்டு.

சங்கம் விழிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அரசாங்கம் 1980 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் பாடநூல் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்கிறது. அதன் முதற் பக்கங்களில் ஆலோசகர், எழுத்தாளர் குழு, பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. பரீட்சைக்கு வராத பக்கமாதலால் யாரும் அதனைப் படிப்பதில்லை. தவணையின் முதல்நாட் பாடத்தை அப்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இவர்கள் எந்த மொழியில் முதலில் எழுதினார்கள், குச்சவெளியை எத்தனை பேர் கண்டிருப்பர், நம் ஊரின் பெயர் இந்நூலில் எத்தனை முறை வருகிறது, அது வரும் வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பிள்ளைகள் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.